‘என்றும்’ என்ற எண்

ஜனவரி 8, திங்கள்

காலையில் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு எடுத்துக்கொள்ளப்பட்டது. பரஸ்பர சம்மத விவாகரத்து. கோகிலா முதலில் கையெழுத்துப் போட்டாள். பேனா அவளுடையது. எனக்கும் அதையே நீட்டினாள். போட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆறு மாதம் அவகாசம். அதற்குள் இருவரில் ஒருவர் மனம் மாறினாலும் மனு செல்லாது என்றார் என் வக்கீல் மரகதம் மேடம். ஜூலை பத்தாம் தேதி இருவரும் மறுபடி வர வேண்டும். ‘ஆமாம், இதே முடிவுதான்’ என்று இருவரும் சொன்னால் அன்றே முடிந்துவிடும்.

“ரெண்டு வருஷமா தனித்தனியாத்தான இருக்கீங்க? ஆறு மாசம் வேண்டாம்னு கேட்டு ஒரு மனு போட்டுப் பாக்கலாமுங்க” என்றார்.

“முறைப்படியே போகட்டுங்க மேடம்” என்றேன்.

மதியம் ஆபீஸ். லீவு கேட்டபோது ‘சொந்த வேலை’ என்றுதான் போட்டிருந்தேன். முதலாளி சம்பந்தம் சார் கூப்பிட்டார். ரத்த வங்கிகளில் ரத்தப் பைகளை வைக்கும் குளிர்பெட்டிகளுக்குக் கன்ட்ரோலர் செய்வது எங்கள் தொழில். அதற்குள் இருக்கும் சிப்பை, செய்கிற கம்பெனி நிறுத்தப் போகிறதாம்.

“செப்டம்பரோட சரியாம் பூபதி. புது சிப் அறுபத்துநாலு பிட்டு. ஆகஸ்டுக்குள்ள நொச்சியை அதுக்கு மாத்தியாகணும்.”

நொச்சி என்பது எங்கள் கெர்னல். கன்ட்ரோலரில் ஓடும் மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் உட்கார்ந்து, யார் எப்போது ஓட வேண்டும், யார் காத்திருக்க வேண்டும் என்று சொல்வது. பதின்மூன்று வருடம் முன்பு நானும் கோகிலாவும் எழுதியது. அப்போது பீளமேட்டில் குடியிருந்த வீட்டு வாசலில் ஒரு நொச்சிச் செடி இருந்தது. கொசு வராது என்று அவள் வெட்ட விடவில்லை.

“அது முழுசாத் தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. நீ எழுது, கோகிலாவை வரிவரியாப் பாத்து ரெவ்யூ பண்ணச் சொல்லிக் கேக்கறேன். உனக்கு ஒண்ணும் சங்கடமில்லையே?”

“வேலைதானுங்களே சார்.”

ஜனவரி 9, செவ்வாய்

கோகிலா ஒப்புக்கொண்டுவிட்டாள். உடுமலையில் அம்மா வீட்டிலிருந்தே பார்ப்பாளாம். ரெவ்யூ மூடப்படும் வரை அவளுடைய ஒப்பந்தம்.

சமையல் கேஸ் மாற்றினேன்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். பால் வைத்தேன். பொங்கவில்லை. பாத்திரம் பெரிது.

ஜனவரி 23, செவ்வாய்

பழைய நொச்சியில் நேரம் என்பது ஒரே வகை. முப்பத்திரண்டு பிட் பெட்டி ஒன்று, உள்ளே மில்லிநொடிக் கணக்கு. ‘இப்போது எந்தக் கணம்’ என்பதையும் அதில்தான் வைத்தோம். ‘எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்’ என்பதையும் அதில்தான் வைத்தோம். பார்வைக்கு இரண்டும் எண்தான். ஆனால் ஒன்று தேதி மாதிரி, மற்றது தூரம் மாதிரி. இரண்டு கணங்களைக் கழித்தால் இடைவெளி கிடைக்கும். கூட்டினால் ஒன்றும் கிடைக்காது.

டெஸ்ட் பிரிவைப் பார்க்கும் ஷகீலா பானுவுக்கு இதை விளக்கினேன்.

“செவ்வாக்கெழமையையும் வெள்ளிக்கெழமையையும் கூட்ட முடியாது. சரிங்களா சார்?”

“அதேதான்.”

“பதிமூணு வருஷமா கூட்டிட்டு இருந்தீங்களாக்கும்.”

ஆகவே புதிய நொச்சியில் கணத்துக்கு ஒரு வகை, இடைவெளிக்கு ஒரு வகை. இரண்டும் அறுபத்துநான்கு பிட். ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஏற்காது. காலை முதல் மாலை வரை பிழைச் செய்திகள். ஒவ்வொன்றும் நாங்கள் ஏதோ ஓர் அவசரத்தில் கலந்துவிட்ட இடம்.

ஓர் எண்ணை மட்டும் இருவரும் யோசித்து வைத்திருந்தோம். பெட்டியின் முப்பத்திரண்டு பிட்டிலும் ஒன்று என்ற இலக்கமே இருந்தால், கடிகாரமே பார்க்காமல், எழுப்பும் வரை காத்திரு என்று அர்த்தம். அதற்குக் கோகிலா வைத்த பெயர் ‘என்றும்’. நிரலில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கும். வேறு யார் படித்தாலும் புரியாது என்று நான் சொன்னேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள் என்றாள்.

பிப்ரவரி 12, திங்கள்

ரெவ்யூ வந்தது. பதினான்கு கமெண்ட். அவள் ஆங்கிலத்தில்தான் எழுதுவாள், சுருக்கமாக. பழைய பழக்கப்படி கடைசிக் கமெண்ட்தான் முக்கியமானதாக இருக்கும். இம்முறை அப்படித் தெரியவில்லை. அந்தப் பதினான்காவதைத் தமிழில் எழுதிக்கொள்கிறேன்:

‘பவர் வாட்ச் பகுதியில், காத்திருக்கும் நேரத்தை வைக்கும் பெட்டி இன்னும் முப்பத்திரண்டு பிட். கெர்னலுக்குள் “என்றும்” அறுபத்துநான்கு பிட் ஆகிவிட்டது. கவனிக்கவும்.’

பவர் வாட்ச் என்பது மின்சாரம் போகிறதா என்று காவல் இருக்கும் பகுதி. ‘என்றும்’ என்று சொல்லிவிட்டுப் படுத்திருக்கும். மின்சாரம் போனால் எழுப்பப்படும். எழுந்தால் அலாரம் அடித்து, பெட்டியைப் பேட்டரிக்கு மாற்றும். ஏன் எழுந்தோம் என்று அது கேட்பதில்லை. எழுப்ப வேறு காரணம் கிடையாது.

பிப்ரவரி 20, செவ்வாய்

பதின்மூன்று கமெண்ட்டுகளைச் சரிசெய்து அனுப்பினேன். மாலைக்குள் பதின்மூன்றையும் கோகிலா மூடிவிட்டாள். கமெண்ட் போட்டவரே அதை மூட வேண்டும் என்பது நொச்சி எழுதிய காலத்தில் நாங்கள் வைத்துக்கொண்ட விதி. சரிசெய்தவன் தானே மூடினால் சண்டை வரும் என்று வைத்தது.

பதினான்கு நிற்கிறது. சின்ன விஷயம்தான். அவசரமில்லை. ஒரு கமெண்ட் திறந்திருந்தாலும் ரெவ்யூ மூடாது.

மார்ச் 3, ஞாயிறு

காரைச் சுத்தம் செய்தேன். கோகிலா போகும்போது கார் வேண்டாம் என்று பஸ்ஸில்தான் போனாள். அதற்குப் பிறகு உள்பக்கம் துடைக்கவே இல்லை.

பின் சீட்டில் இருந்தவை: மடித்த போர்வை ஒன்று, கழுத்துக்கு வைக்கும் சிறு தலையணை, தண்ணீர் பாட்டில், கொசுவத்திச் சுருள் டப்பா, புத்தகம் படிக்க மாட்டிக்கொள்ளும் சின்ன விளக்கு, பாதி தீர்ந்த மாரி பிஸ்கட் பாக்கெட். பிஸ்கட்டைத் தூக்கிப் போட்டேன். விளக்கு எரிகிறது.

போர்வையைத் துவைத்துக் காயவைத்து, அவள் மடிக்கிற மாதிரியே மடித்து அதே இடத்தில் வைத்தேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

சோதனை ஓட்டம் பற்றிக் கோகிலாவிடம் போனில் பேசினேன். மனு போட்ட பிறகு முதல் தடவை. அறுபது நாள் நிறுத்தாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன்.

“அறுபது நாளா? எதுக்குங்க?”

‘நீங்க’ என்கிறாள். முன்பெல்லாம் அவள் அம்மா எதிரில் மட்டும்தான் அப்படி.

“முப்பத்திரண்டு பிட் கணக்கு நாப்பத்தொம்பது நாள்ல நிரம்பும். அதைத் தாண்டிப் பாக்கணும்.”

“கடிகாரத்தை நிரம்பறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. டீ குடிச்சுட்டு வந்தா ரிசல்ட் தெரிஞ்சுரும். எல்லாரும் அப்படித்தான பண்றாங்க?”

“நிஜமா ஓடற மாதிரி வராது.”

அவளுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“நொச்சியில எதுக்குமே நீங்க அறுபது நாள் குடுத்ததில்லையே” என்றாள். “சரி, உங்க இஷ்டம். பதினாலு என்னாச்சு?”

“பாக்கறேன்.”

பேசியது ஆறு நிமிடம். பிறகு சம்பந்தம் சாரிடமும் அறுபது நாளுக்குச் சம்மதம் வாங்கினேன். பதினைந்து நாள் போதாதா என்று கேட்டார். ரத்த விஷயம் சார் என்றதும் தலையாட்டினார்.

மே 2, வியாழன்

மாலை நாலரைக்கு ஓட்டம் தொடங்கியது. ரேக்கில் பத்து போர்டு, ஒரே சுவிட்ச். யுபிஎஸ் இணைப்பில் இருப்பதால் மின்தடை தெரியாது. முடிவது ஜூலை முதல் தேதி. நீதிமன்றத் தேதிக்கு ஒன்பது நாள் முன்பு. அப்படி அமைந்துவிட்டது.

மே 20, திங்கள்

வெயில். ரேக்குக்கு ஒரு ஃபேன், எனக்கு ஒரு ஃபேன்.

“சார், அக்காவோட கமெண்ட் ஒண்ணு ஓப்பன்லயே இருக்குதுங். பதினாலு. மூடிரலாங்களா?” என்றார் ஷகீலா.

“போட்டவங்கதான் மூடணும்.”

“நீங்க சரி பண்ணினாத்தானுங் அவங்க மூடுவாங்க?”

“பத்து நிமிஷம். பாத்துட்டுச் சொல்றேன்.”

“பூபதி சாரோட பத்து நிமிஷமா!” என்று பக்கத்து மேசைக்குக் கேட்கும்படி சொன்னார். “அப்ப தீபாவளிக்கு ஞாபகப்படுத்தறேன்.”

இது ஆபீஸில் பழைய கேலி. யார் தொடங்கினார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் 8, சனி

கோகிலாவிடமிருந்து மெயில். உள்ளே ஒன்றுமில்லை. தலைப்பில் மட்டும் ‘14?’ என்றிருந்தது. உடனே ‘பார்க்கிறேன்’ என்று பதில் போட்டேன்.

அந்த மெயிலை அழிக்கவில்லை.

ஜூன் 21, வெள்ளி

காலை ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. நான் படியேறிக்கொண்டிருந்தேன். மேலே பத்து அலாரமும் ஒன்றாக அடித்தன.

“ஏனுங் சார், பத்தும் சேந்து கத்துதுங்!” ஷகீலா சாப்பாட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

பத்துத் திரையிலும் ‘மின்தடை’. தலைக்கு மேல் லைட் எரிந்தது. ஃபேன் சுற்றியது. சம்பந்தம் சார் காதைப் பொத்திக்கொண்டே வந்து யுபிஎஸ்ஸைப் பார்த்தார், மெயின் சுவிட்சைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“கரெண்ட் போகவே இல்லீங் சார்” என்றார் ஷகீலா. “ஒண்ணுமே நடக்கல. அதுங்களா எந்திரிச்சிருக்குதுங்.”

தொடங்கிய நேரத்திலிருந்து கழித்துப் பார்த்தேன். நாற்பத்தொன்பது நாள், பதினேழு மணி, இரண்டு நிமிடம். முப்பத்திரண்டு பிட்டும் ஒன்றாக இருக்கும் எண்ணை மில்லிநொடியாக எடுத்துக்கொண்டால் வரும் கணக்கு இது. கழித்து முடிக்கும் முன்பே விடை தெரிந்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். பவர் வாட்சின் பழைய சின்னப் பெட்டியில் ‘என்றும்’ இருந்தது. அதை எடுத்துக் கெர்னலின் பெரிய பெட்டியில் போட்டபோது, கீழ்ப் பாதி மட்டும் ஒன்றுகளால் நிரம்பியது. மேல் பாதி சுழியம். பெரிய பெட்டியில் அது ‘என்றும்’ இல்லை. வெறும் எண். பெரிய எண், அவ்வளவுதான். கெர்னல் அதை நம்பிக் கடிகாரம் வைத்தது. எண் தீர்ந்ததும் எழுப்பியது. எழுந்தது தன் வேலையைச் செய்தது.

இடையில் ஒரு தடவை மின்சாரம் போயிருந்தால் பவர் வாட்ச் எழுந்து மறுபடி படுத்திருக்கும். கணக்கு முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

“அப்ப கரெண்ட் போகாத ஊர்லதான் இது கத்தும். நம்மூருக்குப் பிரச்சினையே இல்லீங்” என்றார் ஷகீலா. யாரும் சிரிக்கவில்லை.

“ஆஸ்பத்திரியில ஆள் கம்மியா இருக்கற நேரத்துல கத்தியிருந்தா? பையெல்லாம் வாரிட்டு வேற பெட்டி தேடி ஓடியிருப்பாங்கப்பா. பாதி ரத்தம் வீணாப் போயிருக்கும்.” சார் என் தோளில் தட்டினார். “அறுபது நாள்னு நீ பிடிவாதம் பிடிச்சதுதான் காப்பாத்துச்சு. கோகிலாவை வரச் சொல்லு.”

ஷகீலா என்னைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு அலாரமாக அணைக்கப் போய்விட்டார். கமெண்ட் பதினான்கை அவரும் படித்திருக்கிறார்.

ஜூன் 22, சனி

கோகிலா பஸ்ஸில் வந்தாள். என் மேசையில் உட்கார்ந்து ஸ்கிரீனைப் பார்த்தாள். “பதினாலு” என்றாள். கமெண்ட் திறந்த நிலையில்தான் இருந்தது. விதிப்படி அது என் வரிசையில் இருந்த வேலை.

பெட்டியை அறுபத்துநான்கு பிட் ஆக்கிவிடுகிறேன் என்றேன்.

“அது பத்தாது. ‘என்றும்’ங்கறதை எண்ணா வெச்சதே தப்பு பூபதி. நம்ம ரெண்டு பேரு தப்புந்தான். எந்த எண்ணா இருந்தாலும் ஒருநாள் தீரும்.”

“அறுபத்துநாலு பிட்ல அது தீர அம்பத்தெட்டு கோடி வருஷம் ஆகும்.”

“தீருமில்ல?”

“தீரும்.”

“அப்ப எண் வேண்டாம். காத்திருன்னு தனியா ஒண்ணு எழுது. அதுக்கு நேரமே குடுக்காத. அப்புறம், எந்திரிச்சா ஏன் எந்திரிச்சோம்னு ஒரு தடவை கேக்கச் சொல்லு. நீ எப்பவுமே அதைக் கேக்க விட்டுர்ற.”

‘நீ’ என்றாள். அவள் கவனித்த மாதிரி தெரியவில்லை. நானும் காட்டிக்கொள்ளவில்லை. கீபோர்டை இழுத்து அவளே முதல் சில வரிகளை அடித்தாள். கட்டைவிரலால் ஸ்பேஸ் பாரை இரண்டு முறை தட்டுகிற பழக்கம் அப்படியே இருக்கிறது.

உக்கடம் பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்று சொன்னேன். மறுக்கவில்லை. காரில் ஏறும்போது பின் சீட்டைப் பார்த்தாள்.

“இதை இன்னுமா வெச்சிருக்க?”

“எடுத்து வைக்க நேரம் கிடைக்கல.”

“சோப்பு வாசம் வருது” என்றாள்.

உடுமலை பஸ் வந்து நின்றது. அவள் காரை விட்டு இறங்கவில்லை. இப்போது சொல்லாவிட்டால் முடியாது என்று பட்டது.

“இன்னும் நாள் இருக்கு கோகிலா.”

“எதுக்கு?”

“ஜூலை பத்துக்கு.”

அவள் கைப்பையின் ஜிப்பை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

“நான் கோவத்துல போனேன்னு எல்லாரும் நினைக்கறாங்க. எங்கம்மாகூட. கோவம்னா ஸ்கேனுக்குப் போன அன்னிக்கே போயிருப்பேன். இதே சீட்டுதான். ஆபீஸ் வாசல்ல உக்காந்திருந்தேன். பத்து நிமிஷம்னு சொன்ன. அப்புறம் நானே ஓட்டிட்டுப் போயிட்டேன். குழந்தைக்குத் துடிப்பு இல்லீங்கம்மான்னு சொல்லிட்டு, கூட யாரு வந்திருக்காங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. வெளிய வண்டி நிக்குதுங்கன்னு சொன்னேன்.” சிரித்தாள். “வண்டி நிக்குதுங்கன்னு! பாவம், அவங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.”

நான் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தேன்.

“அதுக்கப்புறமும் அஞ்சு வருஷம் இருந்தேனே. காத்திருக்கறது எனக்கு ஒண்ணும் கஷ்டமாவே இல்ல பூபதி. போர்வை இருந்துச்சு, லைட் இருந்துச்சு, படிச்சுட்டு இருப்பேன். ஒரு நாள் சாயங்காலம் அதே மாதிரிதான் உக்காந்திருந்தேன். ஒண்ணும் நடக்கல. அன்னிக்கு நீ லேட்டுகூட இல்ல. தூங்கி எந்திரிச்ச மாதிரி இருந்துச்சு. இறங்கிப் போய் பஸ் ஏறிட்டேன். அவ்ளோதான்.”

“காரணம்னு ஒண்ணு இருக்குமில்ல?”

“இருந்தா நீ சரி பண்ணியிருப்பியே” என்றாள். அதைக் குத்தலாகச் சொல்லவில்லை.

கண்டக்டர் பழனி, உடுமலை என்று கூவிக்கொண்டிருந்தார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் நகரும் வரை நின்றேன்.

ஸ்கேன் அன்று நடந்ததைப் பற்றி: நான் இறங்கி வந்தபோது வண்டி இல்லை. ஆட்டோ பிடித்துப் போனேன். டாக்டர் கிளம்பிப் போயிருந்தார். கோகிலா வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், ‘சாப்பிட்டியா?’ என்று கேட்டாள். இல்லை என்றேன்.

ஜூன் 24, திங்கள்

அவள் சொன்னபடியே எழுதினேன். ‘என்றும்’ என்ற பெயரை நிரலிலிருந்து எடுத்தேன். அது இருந்த ஒவ்வோர் இடத்திலும் பிழை காட்டியது. மின்சாரம், கதவு, வெப்பமானி, மணி என எல்லாமே அதை நம்பித்தான் படுத்திருந்தன. வரிசையாகப் போய் மாற்றினேன். மதியத்துக்குள் முடிந்துவிட்டது. பெரிய வேலை என்று நினைத்திருந்தேன்.

அனுப்பவில்லை. இன்னும் சோதிக்க வேண்டும்.

ஜூன் 30, ஞாயிறு

தோசை மாவு வாங்கினேன். அரை லிட்டர் கிடைக்கவில்லை, ஒரு லிட்டராகத்தான் இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

மாலை ஆபீஸ் விடும் நேரத்தில் பதினான்கின் திருத்தத்தை அனுப்பினேன். இனி சோதிப்பதற்கு எதுவும் இல்லை. சென்ற வாரமே இல்லை.

நாளைக்கு லீவு கேட்டேன்.

“சொந்த வேலையா?” என்றார் சம்பந்தம் சார்.

“ஆமாங்க சார்.”

போகாமல் நின்றார். மேசையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். “கூட யாராச்சும் வர்றாங்களா? நான் வேணா வரட்டுமாப்பா?”

“வேண்டாங்க சார். வண்டி இருக்கு” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது.

ஜூலை 10, புதன்

எங்களைக் கூப்பிடும்போது மதியம் ஆகிவிட்டது. நீதிபதி ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, முதலில் கோகிலாவைக் கேட்டார்.

“ஆறு மாசம் குடுத்தோம். இதே முடிவுதானாம்மா?”

“ஆமாங்க.”

“யாரும் வற்புறுத்தலையே?”

“இல்லீங்க.”

பிறகு என்னைக் கேட்டார். அதே கேள்வி. ‘இல்லை’ என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் மனு செல்லாது. ஜனவரியிலிருந்தே அந்த வார்த்தை என்னிடம் இருந்தது. நான் அதைச் சொல்லக்கூடும் என்று மரகதம் மேடம் நினைத்திருக்க வேண்டும். என் முழங்கையை லேசாகத் தொட்டார்.

“கேக்குதுங்களா?” என்றார் நீதிபதி.

கோகிலா பக்கம் திரும்பினேன். தோளில் கைப்பை. அதன் வாரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எதிரிலிருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு, அவசரமும் இல்லாமல் அலுப்பும் இல்லாமல், நான் பதில் சொல்வதற்காகக் காத்திருந்தாள். அப்படி அவள் நிற்பதை இதற்கு முன் நான் பார்த்ததில்லை. எப்போதும் நான் ஆபீஸ் மாடியில் இருந்திருக்கிறேன்.

“ஆமாங்க” என்றேன்.

வெளியே வந்தோம். நான் வண்டியில் விடட்டுமா என்று கேட்கவில்லை. அவளே சொன்னாள்: “ஒண்ணேகால் பஸ்ஸைப் பிடிச்சுர்றேன்.” சில அடி போய்த் திரும்பி வந்தாள். “சாப்பிடு” என்றாள். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

காரில் வந்து உட்கார்ந்தேன். சாவி போட்டேன், முடுக்கவில்லை. ஓட்டுநர் சீட்டிலிருந்து இடப்பக்கம் மாறி உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் நீதிமன்றத்தின் மாடிப்படி முழுவதும் தெரிகிறது. இறங்கி வருகிற ஒவ்வொரு முகத்தையும் பார்க்க முடிகிறது. எல்லோரும் வேறு யாரோ.

மாலை போனில் மெயில் வந்தது. பஸ் உடுமலை போய்ச் சேர்ந்திருக்கும் நேரம். ‘கமெண்ட் 14 மூடப்பட்டது. மூடியவர்: கோகிலவாணி. திறந்திருக்கும் கமெண்ட்டுகள்: இல்லை. ரெவ்யூ முடிந்தது.’ கீழே குறிப்பு எழுதும் இடத்தில் அவள் ‘சரி’ என்று தமிழில் எழுதியிருந்தாள்.

திரும்பி, பின் சீட்டிலிருந்து போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். குளிரவில்லை.

வளாகம் காலியாகிவிட்டது. வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

“கேட்டு சாத்தணுமுங்க. உள்ள யாருமில்லீங்களே. யாருக்குங்க உக்காந்திருக்கீங்க?”

“பத்து நிமிஷம்” என்றேன்.